பதில் கேட்காத துணை

ஒட்டன்சத்திரம் சந்தையில் மாலையில் ஏற்றிய காய்கறி, மறுநாள் விடிவதற்குள் கோயம்பேட்டில் இறங்கியாக வேண்டும். இடையில் கிடப்பது ஏறத்தாழ 450 கிலோமீட்டர். நாமக்கல் முட்டை இரவோடு இரவாகப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கேரளத்துக்குள் போகிறது. பால், நாளிதழ், மீன், பூ, மருந்து, இணையத்தில் வாங்கிய பொருட்களின் பார்சல் என்று காலையில் நம் கைக்கு வரும் பலவும், முந்தைய இரவில் யாரோ ஒருவர் கண்விழித்து ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தவை. அந்த ஒருவர் இன்று பெரும்பாலும் தனியாகவே ஓட்டுகிறார். முன்பெல்லாம் பக்கத்து இருக்கையில் கிளீனர் இருந்தார். டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, வண்டி பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று குரல் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்து அவர் கண் அசராமல் பார்த்துக்கொள்வதும் எழுதப்படாத வேலையாக அதோடு சேர்ந்திருந்தது. கூலி கட்டுப்படியாகவில்லை என்று பல லாரிகளில் கிளீனர் இல்லாமல் போனார். குட்டி யானை போன்ற சிறிய லோடு வண்டிகளில் அந்த வழக்கமே அரிது. காலியான அந்த இருக்கைக்கு எது தகுதியான துணை என்று கேட்டால், பேட்டரிக் கட்டையில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ என்பது என் பதில். பழங்காலத்து நினைவில் மயங்கி இதைச் சொல்லவில்லை. கவனம், தூக்கம், சாலை பற்றி ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருப்பவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த முடிவுக்குத்தான் வர முடிகிறது.

வண்டி முதலாளிகள் பலருக்கு ரேடியோ ஒரு பொழுதுபோக்குச் சாமான். டிரைவர் சொந்தக் காசில் வாங்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும், தொழிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது அவர்கள் எண்ணம். தொடர்பு உண்டு என்பதை உணர இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நேரம் ஆக ஆகத் திரையில் தோன்றும் சிறு புள்ளிகளைக் காணத் தவறினார்கள். நல்ல பயிற்சியும் கூர்மையான பார்வையும் உள்ளவர்களே தவறவிட்டார்கள். காரணம் தேடிய நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு கடிகாரத்தை உருவாக்கினார். முகப்பில் எண் எதுவும் கிடையாது. முள் ஒரே சீராகத் துள்ளித் துள்ளி நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதுதான் வேலை. 1948-ல் அவர் வெளியிட்ட முடிவின்படி, முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரியத் தொடங்கிவிடுகிறது. உடம்பை வருத்தும் வேலையில்லை, கடினமான கணக்கில்லை. எதுவும் நடக்காமல் காத்திருப்பதே மனிதக் கவனத்தைத் தேய்த்துவிடுகிறது.

நால்வழிச் சாலை இரவில் ஓட்டுநருக்கு வைக்கும் தேர்வும் இதுவே. பழைய சாலைகளில் வளைவு இருந்தது, ஊர்த்தெரு இருந்தது, ரயில்வே கேட் இருந்தது, எதிரே மாட்டு வண்டி வந்தது. அவற்றில் ஆபத்து அதிகம். ஆனால் ஓட்டுநரின் கைக்கும் கண்ணுக்கும் ஓயாமல் வேலை இருந்தது. பைபாஸ் சாலைகள் அந்த ஆபத்தில் பெரும்பகுதியைக் குறைத்தன, கூடவே அந்த வேலையையும் எடுத்துவிட்டன. மணிக்கணக்கில் ஒரே வேகம், ஒரே கியர், விளக்கு வெளிச்சத்தில் வந்து வந்து மறையும் ஒரே வெள்ளைக்கோடு. திடீரென்று முன்னால் விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லர்தான் இங்கே அந்த இரட்டைத் துள்ளல். அதைக் காணும் நொடியில் ஓட்டுநரின் மனம் விழிப்போடு இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமாக அந்த மனத்துக்கு உணவே கிடைக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை மேக்வொர்த்தின் கடிகாரம் காட்டிவிட்டது.

வெறுமையான சாலையில் காதுக்குக் கிடைக்கும் தீனி இந்தச் சரிவைத் தடுக்குமா? நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2013-ஐ ஒட்டி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓட்டுப் பயிற்சிக்கான மாதிரி வண்டியில் உட்காரவைத்து, போக்குவரத்து குறைந்த சலிப்பான சாலையில் அரை மணி நேரம் முன்னால் போகும் காரைப் பின்தொடரச் சொன்னார்கள். இசை கேட்டபடி ஓட்டியவர்களின் ஓட்டம் கெடவில்லை. முன் வண்டி வேகத்தை மாற்றியபோது அவர்கள் அதற்கு இன்னும் விரைவாக ஈடுகொடுத்தார்கள். மாதிரி வண்டியில் நடந்த சோதனையை நிஜச் சாலையோடு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும், காதில் ஏதாவது விழுந்தால் கண் மங்கிவிடும் என்ற பொதுவான பயத்துக்கு அது ஆதாரம் தரவில்லை. மூளையிடம் மிச்சமிருக்கும் திறனைப் பாட்டு கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. சலிப்பான சாலையில் அந்த மிச்சம் ஏராளம். எதற்கும் பயன்படாவிட்டால் அது பகற்கனவுக்கோ தூக்கத்துக்கோ போய்ச் சேரும்.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் நியாயமானது. காதுக்குத் தீனி வேண்டும் என்றால் செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டினால் என்ன, கையில் பிடிக்காமல் ஸ்பீக்கரில் போட்டால் ஆபத்தில்லையே என்று பல ஓட்டுநர்கள் கேட்கிறார்கள். இரவில் தனியாக ஓட்டுபவருக்கு வீட்டிலிருந்தோ இன்னொரு லாரியிலிருந்தோ வரும் குரல் எவ்வளவு ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கேட்பதும் உரையாடுவதும் மூளைக்கு வெவ்வேறு வேலைகள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டியது. திரையில் நகரும் குறியைப் பின்தொடர்ந்துகொண்டே, சிவப்பு விளக்கு தெரிந்தால் பிரேக் பொத்தானை அழுத்த வேண்டும். ரேடியோ கேட்டவர்களுக்கும் ஒலிப்புத்தகம் கேட்டவர்களுக்கும் ஒரு குறையும் வரவில்லை. தொலைபேசியில் உரையாடியவர்கள் தவறவிட்ட சிவப்பு விளக்குகள் இரு மடங்காகின. கண்டுகொண்ட விளக்குக்கும் தாமதமாகவே பிரேக் போட்டார்கள். போனைக் கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முடிவு ஒன்றாகவே இருந்தது. உரையாடுபவர் எதிராளியின் பேச்சைப் புரிந்துகொண்டு, பதிலைத் தேடி, சரியான நேரத்தில் சொல்லியாக வேண்டும். மனம் சாலையைவிட்டு அந்தப் பேச்சுக்குள் போய்விடுகிறது. ரேடியோ அறிவிப்பாளருக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் நெருக்கடி வந்தால் அவர் பேசியது காதில் விழாமலே போய்விடும். அதனால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை, ஓட்டுநருக்கும் இழப்பில்லை.

அப்படியானால் கிளீனரோடு பேசியதும் ஆபத்துதானே என்று கேட்கலாம். இதற்கும் அதே யூட்டா குழுவினர் 2008-ல் விடை தந்தார்கள். வண்டிக்குள் பக்கத்தில் இருப்பவரோடு பேசும்போது ஓட்டம் அவ்வளவாகக் கெடவில்லை. போனில் பேசும்போது கெட்டது. பக்கத்தில் இருப்பவரும் அதே கண்ணாடி வழியாக அதே சாலையைப் பார்க்கிறார் என்பதே காரணம். ஓவர்டேக் எடுக்கும்போது அவர் தானாகவே பேச்சை நிறுத்துவார், 'லெஃப்ட்ல வண்டி' என்று எச்சரிப்பார். மறுமுனையில் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே வரும் பேருந்து தெரியாது. 'ஏன் பதிலே இல்லை?' என்று கேட்பார். கிளீனருக்கு ரேடியோ முழு மாற்றாகாது, அது சாலையைப் பார்க்காது. ஆனால் கிளீனரிடம் இருந்த ஒரு நல்ல குணம் ரேடியோவிலும் இருக்கிறது: ஓட்டுநர் கவனம் வேறெங்கோ போக வேண்டிய நொடியில் அது எதையும் கேட்பதில்லை. போனிடம் அந்தக் குணம் இல்லை.

அடுத்தது கண்ணும் கையும். 2009-ல் வெர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் அமெரிக்க லாரிகளுக்குள் கேமராக்களைப் பொருத்தி, ஓட்டுநர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பதிவுசெய்து வெளியிட்டது. ஓட்டிக்கொண்டே குறுஞ்செய்தி தட்டிய லாரி ஓட்டுநர் விபத்திலோ விபத்தை நெருங்கும் நிலையிலோ சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 23 மடங்கு அதிகம். அந்தத் தருணங்களில் ஆறு நொடிக்கு 4.6 நொடி அவர்கள் பார்வை சாலையில் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 4.6 நொடி என்பது சுமார் நூறு மீட்டர். பாரம் ஏற்றிய லாரி அவ்வளவு தூரத்தையும் பார்க்காமல் கடக்கிறது. பாட்டை மாற்றுவதும் செய்தி தட்டுவதும் ஒன்றல்ல என்பார்கள். விரல் செய்யும் வேலை வேறாக இருக்கலாம், கண் செய்யும் வேலை ஒன்றுதான்: தொடுதிரையைத் தொட்டுத் தடவி உணர முடியாது, பார்த்தே ஆக வேண்டும். பழைய பாணி ரேடியோவில் இரண்டு திருகுகள். ஒன்று ஒலியைக் கூட்டும் குறைக்கும், இன்னொன்று ஸ்டேஷன் பிடிக்கும். இருட்டில் கை தானாகப் போய்த் திருகும். இன்றைய தொழில்நுட்ப வளர்ச்சிக்குமுன் இது எளிய கருவியாகத் தெரியலாம்; ஆனால் ஓட்டுநரின் கண்ணைக் கேட்காத கருவி என்ற அளவில் இதைவிடச் சிறந்த வடிவம் இன்னும் வரவில்லை.

பென்டிரைவில் ஆயிரம் பாட்டு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் கையும் வேண்டாம் கண்ணும் வேண்டாமே என்ற ஆட்சேபத்தில் பெருமளவு உண்மை உண்டு. போனை நோண்டுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் நான் ரேடியோவையே தேர்ந்தெடுப்பேன். பலமுறை கேட்ட வரிசையில் அடுத்த பாட்டு எது என்று மனத்துக்கு முன்பே தெரியும். தெரிந்தது வரும்போது மனம் நிமிர்ந்து உட்காருவதில்லை. ரேடியோவில் அடுத்து வருவது பாட்டா, நேயர் கடிதமா, செய்தியா, மழை அறிவிப்பா என்பது தெரியாது. மணி என்ன என்பதை ஒரு குரல் சொல்கிறது. எங்கோ ஒரு நிலையத்தில் இன்னொரு மனிதரும் இதே இரவில் விழித்திருந்து வேலை செய்கிறார் என்ற உணர்வு தனிமையைக் குறைக்கிறது. இதற்கு அளவெடுத்த ஆய்வு எதையும் நான் சான்றாக வைக்கவில்லை. இது என் கணிப்பு. ஆனால் வானொலியின் வரலாறு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. 1950-களில் மத்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். தமிழ்நாட்டில் அதன் தமிழ் ஒலிபரப்புக்குக் கிடைத்த இடத்துக்குப் பாட்டு மட்டும் காரணமில்லை, அறிவிப்பாளர்களின் பெயரை இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்த நேயர்களை மீட்கவே 1957 அக்டோபர் 3-ம் தேதி விவித் பாரதி தொடங்கப்பட்டது.

லாரிக்குள் கையடக்க ரேடியோ வந்து சேர்ந்ததற்கு இயந்திரவியல் காரணங்களும் உண்டு. அமெரிக்காவில் 1930-லேயே கால்வின் சகோதரர்களின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்றது. 1954-ல் டிரான்சிஸ்டரில் ஓடும் ரீஜென்சி டிஆர்-1 சந்தைக்கு வந்து, ரேடியோவைச் சட்டைப் பைக்குள் போடும் அளவுக்குச் சுருக்கியது. நம் ஊர் லாரிகளில் பலவும் நெடுங்காலம் தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸாகவே வந்தன. கேபினும் பாடியும் நாமக்கல் போன்ற ஊர்களில் பட்டறைக்காரர்கள் கட்டியவை. ரேடியோவுக்கென்று அதில் இடம் கிடையாது. பெரிய லாரிகளின் மின்சாரம் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தது. கார்களுக்கான செட்டோ 12 வோல்ட். வோல்டேஜைக் குறைக்கும் கருவி இல்லாமல், ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துச் செட்டை ஓட்டினால் அந்தப் பேட்டரி மற்றதைவிட முன்னதாக வலுவிழக்கும். ஒருநாள் லோடோடு நடுவழியில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். தன் சொந்தக் கட்டையில் ஓடும் டிரான்சிஸ்டர் வண்டியின் ஒயரிங்கைத் தொடுவதே இல்லை. டீசல் என்ஜின் இன்னொரு வகையில் உதவியது. பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் ரேடியோவில் கரகரப்பு எழும். டீசலில் பிளக்கே கிடையாது என்பதால் அந்த இரைச்சல் இல்லை.

கேபினின் தகரம்தான் தொல்லை. சென்னை வானொலி ஒலிபரப்பாகும் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையின் நீளம் 400 மீட்டருக்கும் மேல். சுற்றிலும் தகரம் சூழ்ந்த அறைக்குள், ஜன்னல் அளவு திறப்பு வழியாக அது தாராளமாக நுழையாது. கையடக்க ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் குச்சி ஆன்டெனாவுக்குத் திசையும் முக்கியம். சாலை வளையும்போது குச்சியின் முனை ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்த்து நின்றால் குரல் தேய்ந்துவிடும். பண்பலையின் அலைநீளம் மூன்று மீட்டர் அளவே என்பதால் அது கண்ணாடி வழியாக எளிதில் உள்ளே வரும். 1977 ஜூலை 23 அன்று இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில்தான் தொடங்கியது. ஆனால் பண்பலை, கோபுரத்தின் பார்வை எட்டும் தூரம்வரைதான் போகும். சமவெளி நிலையம் ஒன்றின் வட்டத்தை லாரி ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கோடை பண்பலை தென் மாவட்டங்கள் பலவற்றில் ஓட்டுநர்களுக்கு நெருக்கமானதற்கு மலையின் உயரமே காரணம். ஜன்னலோரமாக, தகரத்தைத் தொடாமல், ஆன்டெனாவை முழுதாக நீட்டி வைக்க ஒரு சிறிய தாங்கி போதும், கையடக்க ரேடியோ லாரிக்குள் பெரும்பாலும் நன்றாகவே பாடும். இருக்கையில் உருளவிடுவதும் ஸ்டீயரிங் அடியில் தொங்கவிடுவதும் ஆபத்து. பிரேக் பெடலுக்குக் கீழே போய் விழுந்த எந்தப் பொருளும் உயிரை எடுக்கும்.

இனி எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபத்துக்கு வருவோம். ரேடியோ தூக்கத்தை விரட்டுமா? விரட்டாது. இதில் மழுப்ப இடமில்லை. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ரெய்னரும் ஜிம் ஹார்னும் 1998-ல் இதையே சோதித்தார்கள். முந்தைய இரவு குறைவாகத் தூங்கியவர்களை மாதிரி காரில் ஓட்டவைத்து, சிலருக்கு முகத்தில் குளிர்காற்று, சிலருக்கு ரேடியோ என்று கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாலும் கிடைத்த நன்மை சொற்பம், அதுவும் சிறிது நேரத்துக்கே. வண்டியை நிறுத்த இடம் தேடும் அளவுக்கு வேண்டுமானால் அது உதவும் என்பதே அவர்கள் முடிவு. அதே ஆய்வாளர்கள் வேறு சோதனைகளில் உண்மையாகப் பலன் கண்டது இரண்டு வழிகளில்: காபியின் காஃபீன், கால் மணி நேரத்துக்கு உட்பட்ட குட்டித் தூக்கம். காபியைக் குடித்துவிட்டு உடனே சாய்ந்தால், காஃபீன் வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் விழிப்பு வரும். நள்ளிரவு கடந்து விடியும்வரை உடம்பின் கடிகாரமே தூக்கத்தைக் கேட்கிறது. அதைப் பாட்டால் ஏமாற்ற முடியாது.

சலிப்பு வேறு, தூக்கக்கடன் வேறு. இரண்டும் கொட்டாவியாகவே வெளியே தெரிவதால் குழப்பம் வருகிறது. நன்றாகத் தூங்கி எழுந்த ஓட்டுநரும் வெறுமையான சாலையில் ஒரு மணி நேரத்தில் கவனம் தேய்ந்துபோவார். அந்தத் தேய்மானத்துக்கு ரேடியோ மருந்து. இரண்டு இரவாகத் தூங்காத ஓட்டுநருக்குத் தேவை படுக்கை. வால்யூமைக் கூட்டி வைத்தால் தாக்குப்பிடிக்கலாம் என்று அவர் நம்பினால் அந்த நம்பிக்கையே கொல்லும். பாட்டு காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே சில நொடிகள் கண் மூடித் திறக்கும், மூடியது அவருக்கே தெரியாது. ஆகவே ரேடியோவை வாங்கிக் கொடுக்கும் முதலாளி, அதைக் காரணம் காட்டிக் கூடுதலாக ஒரு நடை ஓட்டச் சொல்லக் கூடாது. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி ஓய்வு என்று வரையறுத்திருந்தது. விடிவதற்குள் சரக்கு இறங்காவிட்டால் வாடகையில் பிடித்தம் என்ற ஏற்பாடு இருக்கும்வரை அத்தகைய எந்த வரையறையும் காகிதத்தில்தான் இருக்கும். நள்ளிரவில் லாரிகளை நிறுத்தி முகம் கழுவச் சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பும் நல்ல வழக்கம் தமிழ்நாட்டுக் காவல்துறையினரிடம் உண்டு. தேநீரோடு கால் மணி நேரம் படுக்க ஓர் இடமும் சேர்ந்தால்தான் அதன் பலன் முழுமையாகும்.

சத்தம் பற்றிய ஆட்சேபமும் கவனிக்க வேண்டியது. நல்ல ஓட்டுநர் காதாலும் ஓட்டுகிறார். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரன், பிரேக் குழாயில் காற்று கசியும் ஓசை, டயரில் சிக்கிய கல்லின் தட்டல், பாரம் சரியும் கிறீச்சொலி எல்லாம் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் எட்டும். இவற்றை மூடிவிடும் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஸ்பீக்கரும் வைத்து அதிரவிடுவதை நான் ஆதரிக்கவில்லை. கையடக்க ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரால் அப்படி அதிர முடியாது என்பதே அதன் சிறப்பு. என்ஜின் ஓசையும் திறந்த ஜன்னலின் காற்றோசையும் சேர்ந்தால் அந்தச் சின்னக் குரல் கேட்காதே என்பதும் இதுவரை உண்மையாக இருந்தது. 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் கேபினில் ஏசி கட்டாயமாகியிருக்கிறது. ஓட்டுநரின் வெக்கையைத் தணிக்க வந்த அந்த விதியால் ஜன்னல்கள் மூடப்படும், கேபின் அமைதியாகும், குறைந்த ஒலியிலேயே ரேடியோ கேட்கும். இயர்போன் மட்டும் எந்த நிலையிலும் கூடாது. அது வெளியுலகின் ஓசையை முற்றாக அடைத்துவிடும்.

செல்போனிலேயே பண்பலை இருக்கிறதே, தனியாக ஒரு பெட்டி எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். பண்பலைச் சிப் உள்ள போன்களில் வழக்கமாக இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. அதைச் செருகாமல் ஸ்டேஷன் வராது. புதிய போன்கள் பலவற்றில் ஒயர் செருகும் துளையே இல்லை; சிப் இருந்தாலும் அதை முடக்கி விற்கும் நிறுவனங்களும் இருந்தன. பண்பலை வசதியை முடக்காமல் தரவேண்டும் என்று 2023-ல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவுறுத்தியதற்குப் பேரிடர்க் காலத் தேவையும் ஒரு காரணம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்களும் செல்போன் கோபுரங்களும் சேர்ந்தே விழுந்தன. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று தெரியாமல் நிவாரணப் பொருள் ஏற்றி வரும் வண்டிக்கு, கோபுரமும் டேட்டாவும் தேவையில்லாத ஒரு கருவி எத்தனை முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கேட்கும் கருவியைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, கேட்பதற்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பேசியாக வேண்டும். சூரியன் மறைந்ததும் வானத்தின் மேலடுக்கில் மத்திய அலையை உறிஞ்சும் படலம் கலைந்துவிடும். அலைகள் அதற்கும் மேலே பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். இரவு லாரிக்காகவே அமைந்தது போன்ற இந்த இயல்பை அமெரிக்க நிலையங்கள் நன்றாகப் பயன்படுத்தின. ஃபோர்ட் வொர்த்தின் டபிள்யூபிஏபி 1969-லும் நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஎல் 1971-லும் 50 கிலோவாட் ஒலிபரப்பில், லாரி ஓட்டுநர்களுக்கென்றே விடியவிடிய நிகழ்ச்சி நடத்தத் தொடங்கின. பாட்டுக்கு நடுவே நெடுஞ்சாலை வாரியாக வானிலை சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியில் 1974-ல் வந்த ஏற்பாடு இன்னும் நுட்பமானது: நிலையம் ஒரு சிறப்புச் சமிக்ஞை அனுப்பும், கார் ரேடியோவில் கேசட் ஓடிக்கொண்டிருந்தாலும் அது நின்று, போக்குவரத்து அறிவிப்பு ஒலிக்கும். நம் நாட்டில் மத்திய அலைக் கோபுரங்கள் காலாவதியானவை என்று ஒவ்வொன்றாக அணைக்கப்படுகின்றன. மின்சார லோடு வண்டிகள் பெருகும்போது அவற்றின் இன்வெர்ட்டர் எழுப்பும் இரைச்சல் மத்திய அலையை மேலும் கெடுக்கும். அதைக் காரணம் காட்டி அமெரிக்காவில் சில கார் நிறுவனங்கள் ஏஎம் ரேடியோவையே எடுக்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு வாகனத்திலும் அது இருக்க வேண்டும் என்று 2023-ல் அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது; ஃபோர்ட் நிறுவனம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

தமிழ்நாட்டுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. இரவு பன்னிரண்டிலிருந்து ஐந்து மணிவரை, மணிக்கு இருமுறை, ஐந்து நிமிடம் போதும்: எந்தச் சாலையில் விபத்து, கிருஷ்ணகிரி பக்கம் மூடுபனி எப்படி, 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதையில் 2022 முதல் இருக்கும் இரவுக் கட்டுப்பாடு எத்தனை மணிவரை, வண்டியை ஓரங்கட்டிப் படுக்க அடுத்த லாரி நிறுத்தம் எது. சென்னை, திருச்சி, கோவை, நெல்லை நிலையங்கள் ஒரே அறிக்கையை ஒரே நேரத்தில் வாசித்தால் மாநிலத்தின் பெரும்பகுதிக்கு எட்டும். தகவல் ஏற்கெனவே நெடுஞ்சாலை ரோந்து வாகனங்களிடமும் சுங்கச்சாவடிகளிடமும் இருக்கிறது. அதை நிலையத்துக்குக் கொண்டுசேர்க்க ஒரு தொலைபேசி இணைப்பும், இரவுப் பணியில் விழித்திருந்து வாசிக்க ஓர் அறிவிப்பாளரும் வேண்டும்.